நாரும் நாணும் இழையும் படத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலாஜன் (தோல், நாண், எலும்புக்கு வலுத் தரும் புரதம்), தசை, பஞ்சு, பட்டு, தாமரைத் தண்டு என நார்நாராக இருக்கும் எதை மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும், ஸ்கேனில் பார்த்தாலும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கல்லூரி மாணவர்கள், துணித் தொழிலில் இருப்பவர்கள், பயாப்சி அல்லது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றை அவர்கள் வாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

முடி, பஞ்சு, தசை, கொலாஜன் எல்லாத்தையும் இழைன்னுதானே சொல்றீங்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவா?

இல்லவே இல்லை. தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பஞ்சிழை 12 முதல் 20 மைக்ரான். ஒரு தசை இழை 10 முதல் 100 மைக்ரான் வரை போகும். கொலாஜன் நுண்ணிழை பெரும்பாலும் 50 முதல் 200 நானோமீட்டர்தான் (நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு). செல்லுக்குள் இருக்கும் மைக்ரோடியூபூல் 25 நானோமீட்டர், ஆக்டின் இழை 7 நானோமீட்டர். முடிக்கும் ஆக்டினுக்கும் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் ஒரே கருவியில் எல்லாவற்றையும் பார்க்க முடிவதில்லை.

இன்னொரு குழப்பம், அடுக்கு. தசையை எலும்போடு கட்டும் நாணில், 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் உள்ள கொலாஜன் மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழை ஆகின்றன. நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண். படத்தின் கீழே "கொலாஜன் இழை" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த அடுக்கு என்பது தெரியாது. அளவுகோலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்க காலேஜ் மைக்ராஸ்கோப்ல எதுவரைக்கும் தெரியும்?

உருப்பெருக்கத்தைப் பார்க்காதீர்கள். ஆப்ஜெக்டிவ் லென்ஸின் மேல் 0.25, 0.65, 1.25 என்று பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பச்சை ஒளியில் 10எக்ஸ் லென்ஸ் (0.25) சுமார் 1.3 மைக்ரான் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். 40எக்ஸ் (0.65) அரை மைக்ரான். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100எக்ஸ் (1.25) கால் மைக்ரானை ஒட்டி. ஆகவே பஞ்சு, பட்டு, முடி, தசை வரி எல்லாம் தெரியும். கொலாஜன் கற்றையாகத் தெரியும், தனி நுண்ணிழையாகப் பிரியாது. ஐபீஸில் செல்போனை வைத்துப் பெரிதாக்கினாலும் இந்த எல்லை மாறாது.

இந்த எல்லையைக்கூட எட்டவிடாமல் செய்வது, ஸ்லைடுக்குக் கீழே ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் கண்டென்சர் டயாஃப்ரம். அதை நன்றாகச் சுருக்கினால் படம் அழுத்தமாகத் தெரிகிற மாதிரி இருக்கும், ஆனால் இழையின் ஓரம் இரட்டைக் கோடாகிவிடும். பல ரெக்கார்டு நோட்டுகளில் "இழையைச் சுற்றிய உறை" என்று வரையப்பட்டிருப்பது இந்தக் கோடுதான். ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்து, தெரிகிற ஒளிவட்டத்தில் முக்கால் பங்கு திறந்திருக்குமாறு டயாஃப்ரத்தை வையுங்கள்.

துணியிலேர்ந்து ஒரு நூல் எடுத்து வெச்சுப் பார்த்தா பஞ்சா பாலியஸ்டரான்னு சொல்லிடலாமா?

பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு சென்டிமீட்டர் நூலை எடுத்து முறுக்கை அவிழ்த்து, இரண்டு ஊசிகளால் இழை இழையாகப் பிரியுங்கள். கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். பஞ்சு தட்டையான நாடாவாக, அங்கங்கே முறுக்கிக்கொண்டு தெரியும். கம்பளியில் செதில் செதிலாக இருக்கும். கச்சாப் பட்டில் இரண்டு இழைகள் செரிசின் பசையால் ஒட்டியிருக்கும். பசை நீக்கிய பட்டு வழவழப்பாக இருக்கும், குறுக்கே வெட்டினால் மூலை மழுங்கிய முக்கோணம். பாலியஸ்டர் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே தடிமன் உள்ள கம்பி. அதில் கரும்புள்ளிகள் இருந்தால், பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடு.

ஏமாற்றும் இடங்கள் மூன்று. மெர்சரைஸ் செய்த (காரக் கரைசலில் பதப்படுத்திய) பஞ்சில் முறுக்கு ஏறக்குறைய போய், இழை உருண்டுவிடும். பாலியஸ்டரையும் நைலானையும் நீளவாக்குத் தோற்றத்தால் மட்டும் பிரிக்க முடியாது. அதற்குப் பின்னால் வரும் போலரைசர் முறை வேண்டும். கம்பளியைக் கனடா பால்சம் போன்ற பிசினில் பதித்தால் செதில்கள் கிட்டத்தட்ட மறைந்துவிடும், இரண்டின் ஒளிவிலகலும் நெருக்கமாக இருப்பதுதான் காரணம். செதில் பார்க்கத் தண்ணீரே நல்லது.

ஸ்லைடுல கறுப்பு விளிம்போட வட்டம் வட்டமா இருக்கு. செல்லா?

காற்றுக் குமிழி. ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தினால் கறுப்பு விளிம்பின் தடிமன் மாறும், நடுவில் வெளிச்சம் கூடிக் குறையும். இன்னொரு சொட்டு விட்டுக் கவர் ஸ்லிப்பை மறுபடியும் சாய்வாக வையுங்கள்.

தாமரைத் தண்டை ஒடிச்சா நூல் நூலா வருதே, அதுவும் வாழைநார் மாதிரியா?

கையில் ஒரே மாதிரி தோன்றினாலும் அமைப்பு வேறு. வாழைநார் என்பது மட்டையின் வலுவூட்டும் செல்கள் கூட்டமாகச் சேர்ந்த கற்றை. தாமரை நூல், தண்ணீர் கடத்தும் சைலக் குழாயின் உட்சுவரில் சுருளாகப் படிந்திருக்கும் தடிப்பு. தண்டை ஒடித்து மெல்ல இழுக்கும்போது குழாய்ச் சுவர் கிழிந்து, அந்தச் சுருள்கள் மட்டும் ஸ்பிரிங் நீள்வதுபோல நீண்டு வெளியே வருகின்றன. மியான்மரின் இன்லே ஏரியில் இதை எடுத்துத் துணி நெய்கிறார்கள்.

பார்க்க ஒரு வழி: தண்டின் பாதியை ஸ்லைடின் ஒரு ஓரத்தில் வைத்து, மறு பாதியை இரண்டு சென்டிமீட்டர் இழுத்து நூலை ஸ்லைடின் மேலேயே படியவிடுங்கள். ஒரு சொட்டு சாஃப்ரனின் (சிவப்புச் சாயம்), இரண்டு நிமிடம் கழித்துத் தண்ணீரில் கழுவல், 40எக்ஸ். ஒரே நூல்போல் இருந்தது அருகருகே ஓடும் பல சுருள்கள் என்று தெரியும். வேகமாக இழுத்தால் சுருள் நேராகிவிடும், பிறகு பார்க்க ஒன்றுமில்லை.

போலரைசர்னு ஒண்ணு வெச்சா இழை மட்டும் ஒளிருமாமே. அதுக்குத் தனி மைக்ராஸ்கோப் வாங்கணுமா?

வேண்டாம். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நேர்க்கோட்டுப் போலரைசர் ஃபிலிம் இரண்டு துண்டு போதும். ஒன்றை விளக்குக்கு மேலே வையுங்கள், மற்றதை ஐபீஸின் மேல் வைத்து, பார்வைப்புலம் முழுக்க இருட்டாகும்வரை திருப்புங்கள். இப்போது ஸ்லைடை வைத்தால், மூலக்கூறுகள் ஒரு திசையில் அடுக்கப்பட்டிருக்கும் பொருள் மட்டுமே ஒளிரும். இழை போலரைசரின் திசைக்கு இணையாகவோ செங்குத்தாகவோ இருந்தால் அணையும், 45 பாகையில் உச்ச வெளிச்சம். பஞ்சு மட்டும் எப்படித் திருப்பினாலும் முழுசாக அணையாது, அதன் செல்லுலோஸ் நுண்ணிழைகள் சுருளாக ஓடி, இடையிடையே சுழலும் திசையை மாற்றிக்கொள்வதால். பாலியஸ்டர் நைலானைவிட மிக வலுவான நிறங்களைத் தரும்.

சினிமாத் தியேட்டரின் 3டி கண்ணாடியை வெட்டிப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அது வட்டப் போலரைசர், எந்தப் பக்கம் மேலே என்பதைப் பொறுத்து வேலை செய்யும், செய்யாது. பிளாஸ்டிக் கவர் ஸ்லிப்பும் பிளாஸ்டிக் தட்டும் தாமாகவே வண்ணம் காட்டும். கண்ணாடி மட்டும் பயன்படுத்துங்கள்.

கொலாஜனை நாங்களே பார்க்கணும்னா எதை எடுக்கலாம்?

கறிக்கடையில் கிடைக்கும் கோழிக்கால். பாதத்துக்கு மேலே பின்பக்கத் தோலை நீளவாக்கில் கீறினால் வெள்ளை வெளேரென்று நாண் கிடைக்கும். இளம் பிராய்லர் நல்லது. முதிர்ந்த கோழியில் நாண் சுண்ணமேறி விறைத்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் துண்டை உப்புக்கரைசலில் (லிட்டருக்கு 9 கிராம் உப்பு) போட்டு, கூர்மையான இடுக்கியால் நீளவாக்கில் பிரித்துக்கொண்டே போங்கள். முடி அளவுக்கு மெலிந்த கற்றை கிடைத்ததும் அதே கரைசலில் ஸ்லைடு போட்டு, முந்தைய பதிலில் சொன்னபடி போலரைசர்களுக்கு நடுவே 4எக்ஸ் அல்லது 10எக்ஸ் லென்ஸில் பாருங்கள்.

இழைக்குக் குறுக்கே வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரியாகத் தெரியும். அவை உண்மையான வரிகள் அல்ல. கொலாஜன் அலையலையாக மடிந்திருப்பதால், ஒவ்வொரு மடிப்பிலும் திசை மாறி, ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் அணைகிறது. கற்றையின் இரு முனைகளையும் இடுக்கியால் மெல்ல இழுத்தால் வரிகள் மறையும், விட்டால் திரும்ப வரும். அதிகமாக இழுத்தால் திரும்பாது. நாண் முதல் ஓரிரு சதவீதம் சுலபமாக நீண்டு, பிறகு விறைப்பது இந்த மடிப்பு நிமிர்வதால்தான்.

வரியே தெரியவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: கற்றை தடிமனாக இருக்கிறது, பிரிக்கும்போதே இழுத்துவிட்டீர்கள், அல்லது காய்ந்துவிட்டது. பார்த்து முடித்த பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கொலாஜன் உப்பிக் கண்ணாடிபோல் ஆகி, ஒளிர்வும் குறையும். இன்னொரு துண்டை 70 பாகை வெந்நீரில் போட்டால் பாதிக்கும் கீழே சுருங்கி ஒளிர்வை இழக்கும். மூன்று புரியாக முறுக்கியிருந்த மூலக்கூறு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிற முதல் படி அது.

அந்த மூணு புரிங்கறதை யாரு பார்த்தாங்க? மைக்ராஸ்கோப்லயா?

எக்ஸ்ரே சிதறல் படத்திலிருந்து கணக்கிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் மூன்று புரி அமைப்பை வெளியிட்டார்கள். 1955-ல் அந்த மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாகத் திருத்தினார்கள். கங்காரு வால் நாண் அவர்கள் பயன்படுத்திய மாதிரிகளில் ஒன்று. மூன்று சங்கிலிகள் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்த, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். அதனால்தான் ஒரு கிளைசின் மாறினால்கூட எலும்பு எளிதில் முறியும் பரம்பரை நோய் வரக்கூடும்.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்துல கொலாஜன்ல வரி இருக்கே. நீங்க சொன்ன அலை மடிப்பா?

இல்லை, அது வேறு வரி, ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியது. 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரும். மூலக்கூறின் நீளம் 67-ன் முழு மடங்கு இல்லை, சுமார் 4.4 மடங்கு. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் 67 நானோமீட்டர் தள்ளித் தள்ளி அடுக்கப்படும்போது, ஒன்றின் வாலுக்கும் அடுத்ததின் தலைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. எதிர்ச்சாயம் (இழையை விட்டுச் சுற்றுப்புறத்தை இருளாக்கும் கன உலோகச் சாயம்) போட்டால் கன உலோகம் அந்த இடைவெளியில் தேங்கி இருண்ட பட்டையாகத் தெரியும்.

உங்கள் படத்தில் 67-க்குப் பதில் 62, 64 என்று வந்தால் பதறாதீர்கள். நீர் நீக்கிப் பிசினில் பதிக்கும்போது நுண்ணிழை சுருங்கும்.

செம் படத்துல பச்சை, ஊதான்னு அழகா இருக்கே, அந்தக் கலர் எங்கேர்ந்து வருது?

கணினியில் பூசியது. செம் என்கிற ஸ்கேனிங் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு நிறம் தெரியாது. எலெக்ட்ரான் கற்றை பட்ட இடத்திலிருந்து எத்தனை எலெக்ட்ரான் திரும்பியது என்பதே வெளிச்சம். விளிம்பில் அதிகம் வெளியேறுவதால் இழையின் ஓரங்கள் பளிச்சென்று இருக்கும்.

செம்முக்குத் திசுவைக் கொடுத்தேன், இழையெல்லாம் ஒட்டிப்போய்ப் பாய் மாதிரி வந்திருக்கு. என்ன தப்பு?

அநேகமாகக் காய வைத்த விதம். ஈரத் திசு காற்றில் காயும்போது நீரின் பரப்பு இழுவிசை மெல்லிய இழைகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டிவிடும். வழக்கமான முறை இது: 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடு, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில், பி.எச். 7.2 முதல் 7.4, திசு ஒரு கன மில்லிமீட்டரை ஒட்டியிருந்தால் இரண்டு மணி நேரம் முதல் ஒரு இரவு. பஃபரில் மூன்று முறை கழுவல். ஒரு சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஒரு மணி நேரம், கட்டாயம் ஃபியூம் ஹூடுக்குள், ஏனென்றால் அதன் ஆவி கண்ணைப் பாதிக்கும். பிறகு எத்தனால் 30, 50, 70, 80, 90 சதவீதம், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம், தூய எத்தனாலில் மூன்று முறை.

அதன் பின் கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையரில் எத்தனாலை நீக்கித் திரவ கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, 31 பாகைக்கும் 74 பாருக்கும் மேலே கொண்டுபோக வேண்டும். அங்கே திரவத்துக்கும் வாயுவுக்கும் எல்லைப் பரப்பே இல்லை, ஆகவே இழுவிசையும் இல்லை. எத்தனால் முழுசாக நீங்கும் முன்பே சூடேற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அந்தக் கருவி இல்லாத ஆய்வகங்கள் எச்.எம்.டி.எஸ். திரவத்தை ஆவியாக விடுவார்கள். நாணுக்குப் பரவாயில்லை, ஃபைப்ரின் வலை (இரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழைகள்) போன்ற மென்மையானவற்றுக்குத் திருப்தியாக இருக்காது.

பஞ்சு, தேங்காய் நார், முடி போன்ற உலர்ந்தவற்றுக்கு இவ்வளவும் தேவையில்லை. கார்பன் டேப்பில் ஒட்டி, 10 நானோமீட்டர் அளவு தங்கம் பூசினால் போதும். படத்தில் வெள்ளைக் கீற்றுகள் ஓடினால் மின்னேற்றம் தேங்குகிறது: இழையின் நடுப்பகுதி டேப்பைத் தொடாமல் தூக்கி நிற்கும். முனைகளில் சில்வர் பேஸ்ட் தொட்டு, எலெக்ட்ரான் கற்றையின் மின்னழுத்தத்தை 15 கிலோவோல்ட்டிலிருந்து 5-க்கு இறக்கிப் பாருங்கள்.

படத்துல 5000எக்ஸ்னு போட்டிருந்தா அதை நம்பி அளக்கலாமா?

கூடாது. அந்த எண் ஒரு குறிப்பிட்ட அச்சு அளவுக்கு மட்டும் சரி. ஸ்லைடு ஷோவில் போட்டாலும், செல்போனில் பார்த்தாலும் மாறிவிடும். படத்துக்குள் இருக்கும் அளவுகோல் கோடு படத்தோடு சேர்ந்து பெருகும், சுருங்கும். வெட்டும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

பயாப்சியில "ஃபைப்ரோசிஸ்"னு எழுதறாங்களே, அது எந்தச் சாயத்துல தெரியும்?

ஃபைப்ரோசிஸ் என்பது திசுவில் கொலாஜன் மிகுதியாகச் சேர்வது. எச் அண்ட் ஈ எனும் அன்றாடச் சாயத்தில் கொலாஜனும் தசையும் இரண்டுமே இளஞ்சிவப்பு. அதனால் 4 முதல் 5 மைக்ரான் வெட்டில் மேசன் டிரைக்ரோம் போடுவார்கள். கொலாஜன் நீலம், தசை சிவப்பு. மெல்லிய ரெடிகுலின் இழைகளுக்கு வெள்ளிச் சாயம், எலாஸ்டினுக்கு (நீண்டு திரும்பும் மீள்தன்மைப் புரதம்) வெர்ஹாஃப் சாயம், இரண்டும் கறுப்பு.

கல்லீரலில் ஃபைப்ரோசிஸ் நிலையை எஃப்0 (இல்லை) முதல் எஃப்4 வரை தருவது நீலம் எத்தனை சதவீதம் என்பதை வைத்து அல்ல, அது ஓடும் பாங்கை வைத்து: வாயில் சிரைப் பகுதியோடு நின்றால் எஃப்1, சில தடுப்புச் சுவர்கள் என்றால் எஃப்2, நிறைய என்றால் எஃப்3, முடிச்சுகளாகப் பிரிந்துவிட்டால் எஃப்4. ஊசித் துண்டு 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பாங்கு தெரியாது. கல்லீரலின் உறைக்கு நேர் கீழே இயல்பாகவே கொலாஜன் அதிகம் என்பதால், அங்கிருந்து எடுத்த துண்டு நிலையைக் கூட்டிக் காட்டும்.

பிக்ரோ சிரியஸ் ரெட்ல சிவப்பா இருந்தா டைப் 1, பச்சையா இருந்தா டைப் 3னு பேப்பர்ல படிச்சேனே?

பிக்ரோ சிரியஸ் ரெட் என்பது கொலாஜனுக்கான சாயம், டைப் 1, டைப் 3 என்பவை கொலாஜன் வகைகள். அப்படிப் பலர் எழுதுகிறார்கள், ஆனாலும் தவறு. போலரைசரில் தெரியும் அந்த நிறம் இழையின் தடிமனையும் நெருக்கத்தையும் பொறுத்தது. டைப் 1-ன் மெல்லிய இழையும் பச்சையாகத் தெரியும், வெட்டின் தடிமனை மாற்றினாலும் நிறம் மாறும். வகை தெரிய வேண்டுமானால் ஆன்டிபாடிச் சாயம்தான். அளவிடுபவர்களுக்கு இன்னொன்று: போலரைசருக்கு இணையாக ஓடும் இழை அணைந்து கணக்கில் விடுபடும் (காரணம் மேலே போலரைசர் பதிலில்). ஸ்லைடை 45 பாகை திருப்பி இரண்டாவது படம் எடுங்கள், அல்லது வட்டப் போலரைசர் போடுங்கள். மேலே எச்சரித்த வட்டப் போலரைசர் இங்கே உதவும்.

சாயமே போடாம கொலாஜனைப் பார்க்கலாமாமே?

பார்க்கலாம். மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் 800 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால், கொலாஜன் அதைச் சரிபாதி அலைநீளத்தில், 400-ல், திருப்பித் தரும். மூலக்கூறுகள் ஒரே பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது நடக்கும். எலாஸ்டின் இந்த ஒளியைத் தராது, அது தன்னொளிர்வில் வேறு அலைநீளத்தில் தெரியும். ஆகவே தோலில் இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்கலாம். லேசரின் விலைதான் தடை.

தோள்பட்டை ஸ்கேன்ல நாண் கறுப்பா தெரியுது. கிழிஞ்சிருக்கா?

அதைமட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டில் நாண் நீளவாக்கில் வெண்மையான இணைகோடுகளாகத் தெரிவது, ஒலி செங்குத்தாக விழுந்து நேரே திரும்புவதால். புரோப் (தோலின் மேல் வைக்கும் ஒலிக்கருவி) சில பாகை சாய்ந்தாலே எதிரொலி வேறு பக்கம் போய்விடும், நல்ல நாணும் கறுக்கும். தோளின் சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் எலும்பில் சேரும் இடத்தில் வளைவதால் அங்கே இது சகஜம். ஸ்கேன் செய்பவர் புரோப்பை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பார். கறுப்பு வெளுத்தால் கோணப் பிழை. எந்தக் கோணத்திலும் கறுப்பாகவே இருந்து, நீள்திசை, குறுக்குத்திசை இரண்டிலும் தெரிந்தால்தான் கிழிசலைப் பற்றிப் பேச வேண்டும்.

மாஸ்க்ல கறுப்புப் புழு நெளியுதுன்னு வாட்ஸ்அப்ல வந்துதே?

துணியிழைதான். மூச்சின் ஈரம், வெப்பம், நிலைமின்சாரம் பட்டால் மெல்லிய இழை அசையும். மேலே பஞ்சுக்கும் பாலியஸ்டருக்கும் சொன்ன அடையாளங்களை வைத்து ஒப்பிட்டால் போதும்.

இதே இழை ஆய்வகத்திலும் ஏமாற்றும். நகச் சுரண்டலை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துப் பூஞ்சை தேடும்போது, பஞ்சிழையைப் பூஞ்சை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. தோலைத் தாக்கும் பூஞ்சையின் இழை பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரான், தடிமன் சீராக, குறுக்குச் சுவரோடு, கிளை விட்டு, செல்களின் ஊடே போகும். பஞ்சு அதைவிடப் பல மடங்கு அகலம், கிளை கிடையாது, செல்களின் மேலே கிடக்கும். சந்தேகம் என்றால் போலரைசரைச் செருகுங்கள், பஞ்சு பளிச்சென்று ஒளிரும்.

மூளை எம்.ஆர்.ஐ.யில கலர் கலரா நூல் கட்டு மாதிரி படம் பார்த்தேன். அது நிஜ நரம்பா?

ஒரு கோடு ஒரு நரம்பிழை அல்ல. மூளையின் நரம்பிழை சுமார் ஒரு மைக்ரான். படத்தின் மிகச் சிறிய கட்டம் வழக்கமாக 2 மில்லிமீட்டர், அதற்குள் லட்சக்கணக்கான இழைகள் இருக்கும். இந்தப் படத்தைத் தரும் டி.டி.ஐ. எனும் எம்.ஆர்.ஐ. முறை அளப்பது நீர் எந்தத் திசையில் சுலபமாகப் பரவுகிறது என்பதை: இழையோட்டத்தின் வழியே சுலபம், குறுக்கே கடினம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முதன்மைத் திசை கண்டு, கட்டத்துக்குக் கட்டம் அதைத் தொடர்ந்து கணினி கோடு இழுக்கிறது. சிவப்பு என்றால் இட வலம், பச்சை முன் பின், நீலம் மேல் கீழ். அது நிறமல்ல, திசைக்குறி.

குறைந்தது ஆறு திசைகளில் அளந்தாக வேண்டும், முப்பதும் அதற்கு மேலும் எடுப்பது நல்லது. திசை அழுத்தம் (நீர் ஒரே திசையில் எவ்வளவு வலுவாகப் பரவுகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 0.2-க்குக் கீழே போனால் கோட்டை நிறுத்தும்படி வைப்பது வழக்கம். இந்த எண்ணை மாற்றினால் அதே மூளையில் கோடுகள் கூடும், குறையும். இரண்டு கற்றைகள் குறுக்கே கடக்கும் இடத்தில் இரு திசையும் கலந்து அழுத்தம் குறைந்துவிடுவதால், அங்கே கோடு அறுந்துவிடும், அல்லது ஒரு கற்றையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். கைக்கும் முகத்துக்கும் போகும் இயக்க இழைகள் இப்படித்தான் பல படங்களில் காணாமல் போகின்றன, காலுக்குப் போவது மட்டும் அழகாக நிற்கும். கட்டி அறுவைக்கு முன் இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், கோடு இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடமாக எடுத்துக்கொள்ளாமல், அறுவையின்போது மின்தூண்டல் கொடுத்துச் சரிபார்ப்பது அதனால்தான்.